பின்தேதியிட்ட ஆணையும் கேட்கப்படும் உரிமையும்: பாக்குன் வழக்கு முதல் பினாங்குத் தென்கடல் வரை

முன்னுரை

மலேசியாவில் இயற்கை வளங்களைப் பற்றிய சட்ட வரலாறு பெரும்பாலும் சட்டங்கள் இயற்றப்பட்ட ஆண்டுகளின் வரிசையாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. எந்த ஆண்டில் எந்தச் சட்டம் வந்தது, எந்தத் துறை உருவானது என்பன அவ்வரலாற்றின் பொருளாக அமைகின்றன. ஆனால் ஒரு சட்டம் மாற்றப்படும்பொழுது அம்மாற்றத்தால் பாதிக்கப்படுவோர் நீதிமன்றத்தை நாடிய வரலாறு தனித்து ஆராயப்பட வேண்டியதாகும். சட்டத்தின் சொற்கள் எவரைக் காக்கின்றன, எவரை வெளியே நிறுத்துகின்றன என்பது அங்கேதான் புலனாகிறது.

இக்கட்டுரை இரு நிகழ்வுகளை எடுத்துக்கொள்கிறது. முதலாவது, 1995ஆம் ஆண்டில் சரவாக்கின் பாக்குன் அணைத் திட்டத்தை ஒட்டி வெளியான திருத்த ஆணையும் அதனை எதிர்த்த வழக்கும் ஆகும். இரண்டாவது, பினாங்குத் தீவின் தென்கரை மீனவர்கள் கடல் மேம்படுத்தும் திட்டத்தை எதிர்த்து 2021ஆம் ஆண்டில் பெற்ற தீர்ப்பு. இவ்விரண்டையும் இணைத்து நோக்கினால், ஆற்றங்கரையிலோ கடற்கரையிலோ வாழும் ஒருவருக்குத் தம் வாழ்விடம் பற்றிய முடிவு எடுக்கப்படும் முன்னர்த் தம் கருத்து கேட்கப்பட வேண்டும் என்று கோரும் உரிமை உண்டா என்னும் வினா தெளிவாகும். இவ்வினாவே இக்கட்டுரையின் மையம்.

சட்டப் பின்னணி

மலேசியாவின் சுற்றுச்சூழல் தரச் சட்டம் 1974ஆம் ஆண்டில் நாடாளுமன்றத்தால் இயற்றப்பட்டது. தொடக்கத்தில் அது மாசுக் கட்டுப்பாட்டையே முதன்மையாகக் கொண்டிருந்தது. 1985ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழி 34ஏ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. குறிப்பிட்ட வகைத் திட்டங்களை மேற்கொள்ள விரும்புவோர், ஒப்புதல் பெறுவதற்கு முன்னர்ச் சுற்றுச்சூழல் பாதிப்பு மதிப்பீட்டு அறிக்கையைத் தலைமை இயக்குநரிடம் அளிக்க வேண்டும் என அப்பிரிவு விதித்தது. அத்திட்டங்கள் யாவை என்பதை 1987ஆம் ஆண்டு ஆணை 19 வகைகளாகப் பட்டியலிட்டது. அது 1988 ஏப்ரல் முதல் நாளில் நடைமுறைக்கு வந்தது. 15 மீட்டருக்கு மேற்பட்ட உயரமுடைய அணைகளை உள்ளடக்கிய நீர்மின் திட்டங்களும், 50 எக்டர் அல்லது அதற்கு மேற்பட்ட கடற்கரை நிலமீட்புப் பணிகளும் அப்பட்டியலில் இடம்பெற்றிருந்தன. துறையின் வழிகாட்டி நெறிகளின்படி விரிவான மதிப்பீட்டு அறிக்கை பொதுமக்களின் பார்வைக்கு வைக்கப்பட்டு, அவர்தம் கருத்தும் பெறப்பட வேண்டும்.

இந்நெறியின் பயனைப் பினாங்கு முன்னரே அறிந்திருந்தது. 1990ஆம் ஆண்டில் பினாங்கு மலையில் பெரும் பொழுதுபோக்குத் திட்டமொன்று முன்மொழியப்பட்டபொழுது, ஜார்ஜ் டவுனின் குடிமக்கள் அமைப்புகள் ஒன்றிணைந்து அதன் சுற்றுச்சூழல் விளைவுகளை வரிவரியாக விவாதித்தன. அத்திட்டம் நிறைவேறவில்லை. அறிக்கை மக்கள் கையில் இருந்தால் மட்டுமே இத்தகைய விவாதம் இயலும் என்பது இங்குக் கருதத்தக்கது.

இதற்கு அடிப்படையான அரசமைப்புச் சிக்கல் ஒன்றும் உண்டு. கூட்டரசு அரசமைப்புச் சட்டத்தின் ஒன்பதாவது அட்டவணையில் சுற்றுச்சூழல் என்னும் தனித் தலைப்பு இல்லை. நிலம், காடு, ஆறு ஆகியன மாநிலப் பட்டியலில் உள்ளன. கடல் மீன்பிடிப்பு கூட்டரசுப் பட்டியலில் உள்ளது. ஆனால் ஆமைகள் மாநிலத்திற்குரியவை. எனவே ஒரே அலையில் வரும் மீனுக்கும் ஆமைக்கும் இருவேறு அரசுகள் பொறுப்பாகின்றன. இப்பகுப்பு நீதிமன்றத்தில் எத்துணை வலிமையுடையது என்பதைப் பாக்குன் வழக்கு காட்டிற்று.

1995ஆம் ஆண்டுத் திருத்த ஆணை

சரவாக்கின் பெலாகா மாவட்டத்தில் பாலுய் ஆற்றின் குறுக்கே 2,400 மெகாவாட் மின்னாற்றலுடைய அணை கட்டும் பணி 1994ஆம் ஆண்டில் எக்ரான் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. அணையின் உயரம் 205 மீட்டர். நீரில் மூழ்கவிருந்த பரப்பு ஏறத்தாழ 700 சதுர கிலோமீட்டர். இது சிங்கப்பூரின் பரப்பளவை ஒத்தது. நீண்டவீடுகளில் வாழ்ந்த காயான், கென்யா முதலிய பழங்குடியினர் ஏறத்தாழ 10,000 பேர் இடம்பெயர வேண்டியிருந்தது. 15 மீட்டர் என்னும் வரம்பை இவ்வணை பன்மடங்கு கடந்தது என்பதால், 1987ஆம் ஆண்டு ஆணையின்கீழ் இது மதிப்பீட்டுக்கு உரியது என்பதில் ஐயம் எழ வாய்ப்பிருக்கவில்லை.

இந்நிலையில் இரு சட்ட மாற்றங்கள் நிகழ்ந்தன. சரவாக்கின் பழைய இயற்கை வளச் சட்டம் 1993ஆம் ஆண்டில் திருத்தப்பட்டு, இயற்கை வள, சுற்றுச்சூழல் சட்டமாகப் பெயர் மாற்றம் பெற்றது. அதன்கீழ் மாநிலம் வெளியிட்ட ஆணை 1994 செப்டம்பர் முதல் நாளில் நடைமுறைக்கு வந்தது. அம்மாநில முறையில் பொதுமக்கள் கருத்துரைக்கும் கட்டாய வாய்ப்பு இல்லை. பின்னர், 1995 ஏப்ரல் 20ஆம் நாள் கூட்டரசு அரசிதழில் திருத்த ஆணையொன்று வெளியாயிற்று. 1987ஆம் ஆண்டு ஆணை சரவாக்கிற்குப் பொருந்தாது என்பதே அதன் சாரம். அவ்வாணை வெளியான நாளிலிருந்து நடைமுறைக்கு வருவதாக அறிவிக்கப்படவில்லை. 1994 செப்டம்பர் முதல் நாளிலிருந்தே நடைமுறையில் இருந்ததாகக் கருதப்படும் என்று அறிவிக்கப்பட்டது.

ஏழு மாதங்களுக்கும் மேலாக மக்களுக்கு இருந்ததாக நம்பப்பட்ட ஓர் உரிமை, அக்காலம் முழுமைக்கும் இல்லாதிருந்ததாக ஒரே நாளில் ஆக்கப்பட்டது. சட்டம் எதிர்காலத்தை ஒழுங்குபடுத்துவது இயல்பு. கடந்த காலத்தை மாற்றி எழுதும்பொழுது, அதற்குச் சிறப்பான காரணம் காட்டப்பட வேண்டும் என்பது நீதிநூலாரின் பொதுக் கொள்கையாகும்.

உயர்நீதிமன்றத்தின் நோக்கு

நீண்டவீட்டு மக்கள் மூவர் கோலாலம்பூர் உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர். முதல் வாதியின் பெயரால் இது காஜிங் துபெக் வழக்கு என அழைக்கப்படுகிறது. 1996 ஜூன் மாதத்தில் நீதிபதி ஜேம்ஸ் ஃபூங் வாதிகளுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார். மதிப்பீட்டு அறிக்கையைப் பெற்று அது குறித்துக் கருத்துரைக்கும் வாய்ப்பு வாதிகளுக்கு உரியதாக ஏற்கெனவே நிலைபெற்றுவிட்டது. அதனைப் பின்தேதியிட்ட ஆணையால் பறிக்க இயலாது என்பது அவர் கண்ட முடிவு. திருத்த ஆணை செல்லாது என்றும், எக்ரான் நிறுவனம் 1974ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு இணங்கியே திட்டத்தை மேற்கொள்ள வேண்டும் என்றும் அறிவிக்கப்பட்டது.

இத்தீர்ப்பில் அணை நல்லதா தீயதா என்னும் வினா எழவே இல்லை என்பது கவனிக்கத்தக்கது. முடிவு எடுப்பதற்கு முன்னர் எவரைக் கேட்க வேண்டும் என்பதே அங்கு விடை காணப்பட்டது.

மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் நோக்கு

1997 பிப்ரவரி மாதத்தில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இத்தீர்ப்பை மாற்றியது. முதன்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி கோபால் ஸ்ரீ ராம். அவருடைய வாதத்தை மூன்று படிகளாகப் பகுத்துக் காணலாம்.

முதலாவது, ஆட்சி எல்லை பற்றியது. பாதிக்கப்படும் நிலமும் ஆறும் அரசமைப்பின்படி முழுமையாகச் சரவாக்கிற்கு உரியவை. ஆகவே அச்சுற்றுச்சூழலை ஒழுங்குபடுத்தும் நோக்கம் 1974ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு இருந்ததாகக் கொள்ள இயலாது. இரண்டாவது, திருத்த ஆணை பற்றியது. கூட்டரசுச் சட்டம் பொருந்தவில்லை எனில், அதனை விலக்கும் ஆணை எவருடைய உரிமையையும் பறித்ததாகாது. அது மிகையான எச்சரிக்கையின் பொருட்டு வெளியிடப்பட்டதேயாகும். மூன்றாவது, வழக்காடும் தகுதி பற்றியது. ஏறத்தாழ 10,000 பேர் பாதிக்கப்படும் நிலையில், வாதிகள் மூவருக்கு மட்டும் தனித்த நிவாரணம் கோரும் தகுதி இல்லை என முடிவாயிற்று.

மூன்றாம் படி குறிப்பாக ஆராயத்தக்கது. பெருந்திட்டம் ஒன்றால் பாதிக்கப்படுவோரின் எண்ணிக்கை கூடக் கூட, அவர்களுள் ஒவ்வொருவருடைய துன்பமும் பிறருடைய துன்பத்தைப் போன்றதாகி, தனித்தன்மையை இழக்கிறது. தனித்தன்மையே தகுதிக்கு அளவுகோல் எனில், ஒருவரைப் பாதிக்கும் சிறு திட்டம் நீதிமன்றத்தில் வினவப்படும். பத்தாயிரம் பேரைப் பாதிக்கும் பெருந்திட்டம் வினவப்படாது. இவ்விளைவை எந்தச் சட்ட அறிஞரும் விரும்பியிருக்க இயலாது.

மற்றொன்றையும் சுட்ட வேண்டும். உயிர் வாழும் உரிமை என்பது வாழ்வாதாரத்தையும், ஓரளவேனும் நலமான, மாசற்ற சூழலில் வாழ்வதையும் உள்ளடக்கும் என்று 1996ஆம் ஆண்டு டான் தெக் செங் வழக்கில் விரித்துரைத்தவரும் இதே நீதிபதியே ஆவார். ஆகவே இவ்வேறுபாட்டை ஒருவருடைய மனப்போக்கு எனக் கொள்வது பொருந்தாது. கூட்டரசு, மாநில எல்லைப் பகுப்பும், வழக்காடும் தகுதி பற்றிய பழைய விதியும் இணைந்து நின்றபொழுது, விரிந்த உரிமைக் கோட்பாடும் அவற்றைக் கடக்க இயலவில்லை எனக் கொள்வதே தகும்.

பாக்குன் வழக்கில் சுற்றுச்சூழல் வாதம் தோற்றது என்று பொதுவாகக் கூறப்படுகிறது. மேலே கண்டவற்றால் இக்கூற்று திருத்தப்பட வேண்டும். சுற்றுச்சூழல் வாதம் அங்குத் தோற்கவில்லை. அது கேட்கப்படவே இல்லை. அணையோ எழும்பிற்று. 1998ஆம் ஆண்டு தொடங்கி மக்கள் சுங்கை அசாப் பகுதியில் குடியமர்த்தப்பட்டனர். 2011ஆம் ஆண்டில் மின் உற்பத்தி தொடங்கியது.

வழக்காடும் தகுதியும் பினாங்கும்

வழக்காடும் தகுதி பற்றிய குறுகிய விதிக்கு மலேசியாவில் வலுவூட்டியது 1988ஆம் ஆண்டுத் தீர்ப்பாகும். வடக்கு–தெற்கு நெடுஞ்சாலை ஒப்பந்தத்தை எதிர்த்து, அக்காலத்தில் பினாங்கின் தஞ்சோங் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த லிம் கிட் சியாங் தொடுத்த வழக்கு அது. அவருக்குத் தகுதியில்லை என உச்சநீதிமன்றம் பெரும்பான்மையால் முடிவு செய்தது. மாற்றுத் தீர்ப்பு வழங்கிய இருவருள் ஒருவர், பினாங்கில் வாழ்ந்த நீதிபதி யூசோஃப் அப்துல்காதர். தகுதியை மறுப்பது ஆட்சித்துறைச் சட்டத்தின் வளர்ச்சியில் பின்னடைவாகும் என்பது அவர் கருத்து. 2014ஆம் ஆண்டில், குடிநீர்ச் சலுகை ஒப்பந்தம் தொடர்பாக மலேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸ் தொடுத்த வழக்கில், வழக்கின் பொருளில் உண்மையான அக்கறையுடையவர் தகுதியுடையவர் என்னும் தாராள நோக்கைக் கூட்டரசு நீதிமன்றம் ஏற்றது. கால் நூற்றாண்டுக்குப் பின்னர் மாற்றுத் தீர்ப்பின் உணர்வு மையத்துக்கு வந்தது எனலாம்.

இவ்வரலாற்றில் ஜார்ஜ் டவுனின் இடம் தற்செயலானதன்று. 1807ஆம் ஆண்டு நீதிச் சாசனத்தின் வழி மலாய்த் தீபகற்பப் பகுதியில் ஆங்கில முறை நீதிமன்றம் முதலில் அமைந்தது இங்கேதான். பினாங்கு பயனீட்டாளர் சங்கமும், அதனோடு உறவுடைய சஹாபாட் ஆலாம் மலேசியாவும் இந்நகரில் வேர்கொண்டவை. இவ்விரண்டுக்கும் நெடுங்காலம் தலைமை ஏற்றவர், 2019ஆம் ஆண்டில் மறைந்த எஸ்.எம். முகம்மது இத்ரீஸ் என்னும் தமிழ் முஸ்லிம் பெரியார். சரவாக்கின் காடுகளைக் காக்கும் பணிக்காக 1988ஆம் ஆண்டில் சஹாபாட் ஆலாம் மலேசியா உலகறிந்த வாழ்வுரிமை விருதைப் பெற்றது. பினாங்குத் தமிழர் வரலாற்றை ஆலயம், பள்ளி, தோட்டம், துறைமுகம் என எழுதும் நாம், இச்சட்டப் போராட்டங்களையும் அதன் ஒரு பகுதியாகக் கொள்ளுதல் வேண்டும்.

தென்கடல்: 2019 முதல் 2023 வரை

பினாங்குத் தீவின் தென்கரையில் சுங்கை பத்து, தெலுக் கும்பார், கெர்த்தாக் சங்குல், பெர்மாத்தாங் டாமார் லாவுட் முதலிய மீனவ ஊர்கள் உள்ளன. இக்கடலில் ஏறத்தாழ 4,500 ஏக்கர் பரப்பில் மூன்று செயற்கைத் தீவுகளை உருவாக்க மாநில அரசு திட்டமிட்டது. அத்தீவுகளின் நில விற்பனை வருவாயைக் கொண்டு மாநிலப் போக்குவரத்துப் பெருந்திட்டத்திற்கு நிதி திரட்டுவது அதன் நோக்கம். சுற்றுச்சூழல் துறை 2019 ஜூன் மாதத்தில் மதிப்பீட்டு அறிக்கைக்கு 72 நிபந்தனைகளுடன் ஒப்புதல் அளித்தது.

சுங்கை பத்து மீனவர் தரப்பு இவ்வொப்புதலை எதிர்த்து, 1974ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த மேல்முறையீட்டு வாரியத்தை நாடியது. 2021 செப்டம்பர் 8ஆம் நாள் வாரியம் அவ்வொப்புதலை நீக்கியது. பாலுய் ஆற்றங்கரை மக்களுக்குக் கிட்டாத ஒன்று இம்மீனவர்க்குக் கிட்டியது: அறிக்கையின் உள்ளடக்கம் பற்றி அவர்தம் தரப்பு முழுமையாகக் கேட்கப்பட்டது. இதற்குக் காரணங்கள் தெளிவானவை. பினாங்கு தீபகற்ப மாநிலம் ஆதலால் கூட்டரசுச் சட்டம் பொருந்துமா என்னும் வினா எழவில்லை. மேல்முறையீட்டு வழி சட்டத்திலேயே வகுக்கப்பட்டிருந்தது. அறிக்கை பொதுப்பார்வைக்கு வைக்கப்பட்டிருந்ததால் மீனவர் தம் அனுபவ அறிவை அதன் கூற்றுகளோடு ஒப்பிட முடிந்தது. எந்தப் பருவத்தில் எந்தச் சேற்றுப்படுகையில் இறால் திரளும் என்பதை அறிந்தவர் படகோட்டுபவரே அன்றோ?

எனினும் வெற்றி நிலைத்தது எனக் கூற இயலாது. புதிய மதிப்பீட்டு அறிக்கை தயாரிக்கப்பட்டு 2023ஆம் ஆண்டில் ஒப்புதல் பெற்றது. அதே ஆண்டு மே மாதத்தில் திட்டம் மூன்று தீவுகளிலிருந்து ஒரு தீவாகக் குறைக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. செப்டம்பரில் அத்தீவின் நிலமீட்புப் பணி தொடங்கியது. ஒரு சாரார் இதனை மீனவரின் தோல்வி என்பர்; மற்றொரு சாரார் இரு தீவுகள் கைவிடப்பட்டதை முன்னேற்றம் என்பர். நகரின் நெரிசலைத் தீர்க்கவும் வேலைவாய்ப்பைப் பெருக்கவும் திட்டம் தேவை என்னும் அரசின் வாதமும் எளிதாகப் புறந்தள்ளத்தக்கதன்று. ஆயினும் சட்ட வரலாற்று நோக்கில் ஒன்று உறுதியாகிறது. மதிப்பீட்டுச் சட்டம் ஒரு திட்டத்தைத் தடுக்கும் கருவி என்பதைவிட, அரசு தன் காரணங்களை மறுபடியும் எடுத்துரைக்குமாறு செய்யும் கருவி ஆகும். அக்கருவியின் பயன், மறுமுறை எடுத்துரைக்கப்படும்பொழுது கேட்போர் எத்துணை விழிப்புடன் இருக்கின்றனர் என்பதைப் பொறுத்தது.

நாகைக் கரையில் ஓர் ஒப்பீடு

பின்தேதியிடும் வழக்கம் மலேசியாவிற்கு மட்டும் உரியதன்று. இந்தியாவில் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை 1991 பிப்ரவரி 19ஆம் நாள் வெளியானது. 1994ஆம் ஆண்டில் அது தளர்த்தப்பட்டபொழுது, அத்தளர்வுகளுள் சிலவற்றை இந்திய உச்சநீதிமன்றம் 1996 ஏப்ரலில் செல்லாதவை என அறிவித்தது. அதே ஆண்டு டிசம்பர் 11ஆம் நாள், கிராம சுயராஜ்ய இயக்கத் தலைவர் சங்கரலிங்கம் ஜகந்நாதன் தொடுத்த வழக்கில், கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்தில் அமைந்த இறால் பண்ணைகளை அகற்றுமாறு அந்நீதிமன்றம் உத்தரவிட்டது. தஞ்சை, நாகைப் பகுதியில் நெல்வயலும் குடிநீரும் உவர்ப்பாவதை எதிர்த்து எழுந்த அறப்போராட்டமே அவ்வழக்கிற்கு வித்து.

ஆனால் 2005ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம், அவ்வளர்ப்புத் தொழில் 1991 பிப்ரவரி 19 முதலே தடையிலிருந்து விலக்கப்பட்டிருந்ததாகக் கருதப்படும் என விதித்தது. சரவாக்கில் பின்னோக்கிச் சென்ற காலம் ஏழு மாதங்கள். இங்குப் பதினான்கு ஆண்டுகள். சரவாக்கில் அமைச்சரின் ஆணை தீர்ப்பிற்கு முன்னர் வந்தது. இங்கு நாடாளுமன்றத்தின் சட்டம் தீர்ப்பிற்குப் பின்னர் வந்தது. இவ்வேறுபாடு சிறிதன்று. நாடாளுமன்றம் வெளிப்படையாக விவாதித்து இயற்றும் சட்டத்திற்கு அமைச்சரின் ஆணையைவிட மிகுந்த தகுதி உண்டு. எனினும் இரண்டிலும் தொழிற்படும் சொல் ஒன்றே: கருதப்படும். நடந்ததை நடவாததாகவும், இருந்ததை இல்லாததாகவும் ஆக்கும் ஆற்றல் அச்சொல்லுக்கு உண்டு.

சட்டமாற்றம் எப்பொழுதும் மக்களுக்கு எதிராகவே அமையும் என்றும் கொள்ளலாகாது. சரவாக்கின் மரபுரிமை நிலப்பரப்பு பற்றிய வழக்கமுறைக்குச் சட்ட வலிமையில்லை எனக் கூட்டரசு நீதிமன்றம் 2016ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தபின், 2018ஆம் ஆண்டில் அம்மாநிலச் சட்டமன்றம் நிலச் சட்டத்தைத் திருத்தி அதற்கு ஓரளவு இடமளித்தது. நீதிமன்றத்தில் தோற்றவர் சட்டமன்றத்தில் செவி பெறுவதும் உண்டு.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. பாக்குன் வழக்கு ஆட்சி எல்லையாலும் வழக்காடும் தகுதியாலும் முடிவுற்றதே அன்றி, அணையின் சுற்றுச்சூழல் விளைவுகளை ஆராய்ந்து முடிவுற்றதன்று. பின்தேதியிட்ட சட்டமாற்றத்தின் முதல் இலக்கு, காட்டையோ கடலையோ விட, அவற்றைப் பற்றிப் பேசும் மக்களின் உரிமையே ஆகும். பினாங்கு மீனவர் வழக்கு, சட்டம் முன்கூட்டியே வழி வகுத்திருந்தால் எளியோரும் கேட்கப்படுவர் என்பதையும், கேட்கப்படுதல் வேறு, விரும்பியது கிடைத்தல் வேறு என்பதையும் ஒருங்கே உணர்த்துகிறது.

தமிழாசிரியர்கள் நெய்தல் திணையைக் கற்பிக்கும்பொழுது கடலும் கடல்சார்ந்த இடமும் என்று இலக்கணம் கூறுகின்றனர். பினாங்கின் மாணவர்க்கு அந்நிலம் நூலில் மட்டும் உள்ளதன்று. பள்ளிப் பேருந்தில் அரைமணி நேரத் தொலைவில் உள்ளது. அக்கரையில் வலை உலர்த்துவோரின் மொழி மலாயாகவோ சீனமாகவோ இருக்கலாம். ஆயினும் திணைக்குரிய மக்களாக அவர்களைக் காணவும், அந்நிலம் பற்றிய முடிவில் அவர்தம் குரல் எங்கே பதிவாகியுள்ளது எனத் தேடவும் மாணவரைப் பழக்குதல் நம் கடனாகும். அரசிதழில் வெளியாகும் ஓர் ஆணையின் நாளையும், அது நடைமுறைக்கு வருவதாகக் கூறும் நாளையும் ஒப்பிட்டுப் பார்க்கும் வழக்கம் ஒன்றை அவர்கள் பெற்றாலும் போதும். அவ்விரு நாள்களுக்கும் இடையே எவருடைய உரிமை நின்றது என்னும் வினா தானே எழும்.